கண் வைத்த இடமெல்லாம் கள்ளி

செப்டம்பர் 4

மாண்புமிகு குற்றவியல் அண்ணாவுக்கு,

உன் தங்கை நலமில்லை. நீ நலமா என்று கேட்கும் மனநிலையிலும் இல்லை.

எனக்குத் திடீரென்று கையெழுத்தின் மேல் காதல் வந்து காகிதத்தை எடுத்தேன் என்று நினைத்துவிடாதே. என் கைபேசி அப்பாவின் பீரோவுக்குள் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறது. உன் கைபேசியை, நீ பயிற்சிக்குப் போயிருக்கும் சிறையின் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு தப்பும் செய்யாத இரண்டு கைபேசிகள் உள்ளே. குழாய் திருடியவன் வெளியே. மூன்று வருடமாக நீ விழுந்து விழுந்து படிக்கிற நீதி இதுதானா?

ஆமாம், குழாய். நம் பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் கை கழுவும் தொட்டிக்கு மேலே வரிசையாக இருக்குமே பித்தளைக் குழாய்கள், அத்தனையும் ஒரே வார இறுதியில் காணாமல் போய்விட்டன. திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் சுவர் பல் விழுந்த வாய் மாதிரி இளிக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் வீணாகவில்லை. வால்வை மூடிவிட்டுக் கழற்றியிருக்கிறான். நாட்டில் பொறுப்பான திருடர்களும் இருக்கிறார்கள்.

அந்தப் பொறுப்பான திருடன் நான்தானாம்!

ஆதாரம் என்ன தெரியுமா? கேமரா. வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் போன பிறகு, எங்கள் வகுப்புப் பக்கத்துப் படிக்கட்டில் நான் இறங்குகிறேன். தோளில் பை. பைக்குள் ஏதோ உருண்டை உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. அது போதாதென்று வாசல் காவலாளி வேறு, "கலகலன்னு சத்தம் கேட்டுச்சு சார்" என்று பின்னணி இசை சேர்த்துவிட்டார்.

பையில் இருந்தவை அலாரம் கடிகாரங்கள். பழைய சாமான் கடையில் பொறுக்கியவை. நம் தலைவலி (நீ மரியாதையாகத் தலைமையாசிரியர் என்று படித்துக்கொள்) திங்கட்கிழமைதோறும் "காலம் பொன் போன்றது" என்று பேசுவார் இல்லையா? மேடைக்கு அடியில் வைத்தால், ஒவ்வொரு முறை அவர் காலம் என்னும்போதும் காலமே பதில் சொல்லட்டும் என்று பார்த்தேன். அதில் பாதிக் கடிகாரம் ஓடவில்லை. சரி செய்யத்தான் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவருக்கு மணி அடிக்கப் போன இடத்தில் எனக்குச் சாவுமணி அடித்துவிட்டார்கள்.

அறைக்குக் கூப்பிட்டார்.

"பையில என்ன இருந்துச்சு?"

"அலாரம் கடிகாரம் சார்."

"எதுக்கு?"

"உங்க பேச்சுக்கு சார்."

பக்கத்தில் நின்ற விசிலுக்கு (உடற்பயிற்சி ஆசிரியர், உனக்குத் தெரியும்) சிரிப்பு வந்துவிட்டது. தலைவலிக்கு வரவில்லை. மறுநாள் ஆதாரத்தோடு போவோம் என்று கடிகாரங்களை எல்லாம் கொண்டுபோய் அவர் மேசையில் கொட்டினேன். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு அந்த மனுஷன் என்ன கேட்டார் தெரியுமா?

"இதையெல்லாம் எங்கேர்ந்து எடுத்த?"

அண்ணா, எனக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் சூடாகி, உள்ளே பால் பொங்குகிற மாதிரி இருந்தது. நான் வால்தான். வகுப்பில் எல்லோரும் என்னை வாலு என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் வால் வேறு, கை வேறு. என் கை நீளாது.

அடுத்த மாதம் விசாரணைக் குழு கூடுகிறது. நான்தான் என்று முடிவானால் மாற்றுச் சான்றிதழில் "திருட்டு" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். கடைசித் தேர்வு எழுத முடியாது. அந்தச் சொல்லோடு போனால் வேறு எந்தப் பள்ளியும் வாசலிலேயே நிறுத்திவிடும். அம்மா தையல் எந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே சட்டையின் காலரை மூன்று முறை பிரித்துத் தைத்துவிட்டாள்.

நீ உடனே கிளம்பி வந்து கைரேகை எடு. பூதக்கண்ணாடி இல்லையென்றால் தாத்தாவின் கண்ணாடி தருகிறேன்.

கொதிப்புடன்,
வாலு

பி.கு: சிறை வாசலில் கடிதம் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கு வணக்கம். நான் எடுக்கவில்லை ஐயா.

---

செப்டம்பர் 11

வாலு,

உன் கடிதத்தை எனக்கு முன்னால் அந்த ஐயாதான் படித்தார். சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "தங்கச்சி எடுக்கலைன்னு சொல்லுது தம்பி, முகம் பார்க்காமலே எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார். ஆக, உனக்கு ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. அவர் காவல் காப்பது தண்டனை பெற்றவர்களை என்பதால் குழு ஒத்துக்கொள்ளுமா தெரியவில்லை.

கைரேகை எடுப்பது என் படிப்பு இல்லை. எத்தனை முறை சொன்னாலும் நம் வீட்டில் யாருக்கும் ஏறவில்லை. எதிர்வீட்டு அத்தை "திருட்டுப் படிப்பு படிக்கிறானாமே" என்கிறார். அப்பா "உடுப்பு உண்டா, தொப்பி உண்டா" என்கிறார். கைரேகை, ரத்தம், முடி எல்லாம் தடய அறிவியல்காரர்கள் வேலை. நாங்கள் படிப்பது குற்றம் ஏன் நடக்கிறது, எங்கே நடக்கிறது, யாரைக் குற்றவாளி என்கிறோம், அதற்குப் பிறகு அந்த ஆள் என்ன ஆகிறார் என்று. படித்து முடித்தால் சிறையில் நலப்பணி அலுவலராகலாம். சிறைக்கு அனுப்பாமல் வெளியிலேயே வைத்துக் கண்காணிக்கிறார்களே, அந்த நன்னடத்தை அலுவலராகலாம். அடிபட்டவர்களுக்கு, பறிகொடுத்தவர்களுக்குத் துணையாக நீதிமன்றம் வரை போகிற வேலையும் இருக்கிறது. வங்கிகளில் மோசடியைத் தேடுகிற வேலை, காவல்துறையில் புள்ளிவிவரம் பார்க்கிற வேலை. எதற்கும் பூதக்கண்ணாடி தரமாட்டார்கள்.

என்னால் இப்போது வரவும் முடியாது. பயிற்சி நாள் குறைந்தால் சான்றிதழ் போய்விடும்.

ஆனால் நிதானமாக யோசி. உன் பையைப் பார்த்ததும் எல்லோரும் ஏன் உடனே நம்பினார்கள்? அதே பையோடு வகுப்பின் முதல் மாணவி இறங்கியிருந்தால் "பாவம், எவ்வளவு புத்தகம் சுமக்கிறது" என்றிருப்பார்கள். இதற்கு எங்கள் பாடத்தில் முத்திரை குத்துதல் என்று பேர். ஒரு முறை முத்திரை விழுந்துவிட்டால் பிறகு கடிகாரமும் குழாயாகத்தான் தெரியும்.

இன்னொன்று. பள்ளியில் கேமராக்கள் எங்கெங்கே இருக்கின்றன? சும்மாதான் கேட்கிறேன்.

அண்ணன்

---

செப்டம்பர் 16

சும்மா கேட்கிற அண்ணனுக்கு,

முத்திரை குத்தியதற்குப் பாடம் நடத்தினாய், நன்றி. குத்தின இடத்துக்கு மருந்து கேட்டால், குத்தின ஊசிக்குப் பேர் சொல்கிற வைத்தியன் நீ.

நீ சும்மா கேட்டதால் நானும் சும்மா சுற்றிப் பார்த்தேன். கேமரா இருக்கும் இடங்கள்: எங்கள் வகுப்புப் பக்கத்துப் படிக்கட்டு, மிதிவண்டி நிறுத்துமிடம், நூலகத்தின் வாசல், இசை அறை. குழாயடியில் இல்லை. பின்பக்கக் கதவில் இல்லை. ஏறிக் குதிக்க வசதியாக இருக்கும் அந்தக் குட்டைச் சுவரின் பக்கம் ஒரு கொசுகூடப் படம் பிடிக்கவில்லை. குழாய் இருக்கும் இடத்தில் கண் இல்லை. கண் இருக்கும் இடத்தில் நான் இருக்கிறேன்.

நேற்று அப்பாவைப் பள்ளிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். தலைவலியின் அறையில் அவர் வரும்வரை நானும் அப்பாவும் நின்றோம். சுவரில் பெரிதாக ஒரு படம், கண்ணாடிச் சட்டம் போட்டு. பள்ளியின் வரைபடம். அதில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள், அம்மை போட்ட மாதிரி. கீழே கேமரா நிறுவனத்தின் பேர். அதற்கும் கீழே பொடி எழுத்தில் "முன்னாள் மாணவர் ஆய்வின் அடிப்படையில்" என்று இருந்தது.

எனக்குப் பொழுது போகவில்லை. புள்ளிகளைப் பார்த்தேன். படிக்கட்டில் சுண்ணாம்புக் காலடி வரைந்து, சுவருக்குள் யாரோ நடந்துபோய்விட்ட மாதிரி முடித்தேனே, அந்த இடத்தில் ஒரு புள்ளி. சரி, அது ஊருக்கே தெரியும். எல்லோருடைய மிதிவண்டி இருக்கையையும் ஒரு சாண் உயர்த்தி வைத்தேனே, அங்கே ஒரு புள்ளி. அதுவும் பிடிபட்டதுதான். நூலகத்தில் "அமைதி காக்கவும்" பலகைக்குப் பின்னால் கட்டின மணி, அதற்கும் ஒன்று.

பிறகு இசை அறை. பியானோவுக்குள் ஒரு புள்ளி.

அந்தப் பியானோவுக்குள் நான் பந்து போட்டது யாருக்கும் தெரியாது, அண்ணா. டீச்சருக்குத் தெரியாது. என் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கே தெரியாது. போன வருடம் ஒரு ராத்திரி ஒரே ஒரு ஆளிடம் போனில் சொன்னேன். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தான். "எந்தப் பக்கம் போட்டே, எந்த நாள்" என்று ஆசை ஆசையாகக் கேட்டான். நான் பெருமையில் நாள் நட்சத்திரம் உட்படச் சொன்னேன்.

துப்பறிவதற்குப் படிக்காத நான் துப்பறிந்துவிட்டேன். படித்த நீ துப்புக்கெட்ட வேலை பார்த்திருக்கிறாய்.

நீயே சொல். நான் கண்டுபிடித்தது சரியா?

தங்கை

---

செப்டம்பர் 22

வாலு,

சரி.

ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. இரண்டாம் ஆண்டில் குற்ற வரைபடம் என்று ஒரு பயிற்சி உண்டு. ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, எங்கே தப்பு அதிகம் நடக்கிறது என்று புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். காவல் நிலையத்தில் விவரம் கேட்டேன், தரவில்லை. நம் பள்ளியை எடுத்தேன். அங்கே இருந்த சில புகார்களும் உன் சேட்டைகள்தான், அவை போதவில்லை. நீ சொன்னவற்றைச் சேர்த்தேன். உன் பேரை எங்கும் எழுதவில்லை. பேர் இல்லாத விவரத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பது விதி. தலைமையாசிரியர் பழைய மாணவன் என்ற பாசத்தில் ஒரு பிரதி கேட்டார், கொடுத்தேன். அதை அவர் நிறுவனத்திடம் காட்டுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முறைப்படி பார்த்தால் அது நல்ல வரைபடம். பேராசிரியரே வகுப்பில் பாராட்டினார். அதைப் பார்த்துத்தான் அந்த நிறுவனம் படிப்பு முடிந்ததும் பகுப்பாய்வாளர் வேலை தருகிறோம் என்று எழுதியிருக்கிறது. மற்றப் பள்ளிகளுக்கும் இதே மாதிரி செய்ய வேண்டுமாம். இதை இப்போது சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். அப்பாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

கேமரா இருப்பதால் யாரும் திருடனாகிவிடுவதில்லை. நீ அந்தப் பையோடு இறங்காமல் இருந்திருக்கலாம் இல்லையா?

அண்ணன்

---

செப்டம்பர் 26

அன்பில்லாத அண்ணனுக்கு,

கடைசி வரியை நீ எழுதினாயா, இல்லை தலைவலி உன் கையைப் பிடித்து எழுதினாரா?

நான் என் பையோடு என் பள்ளிப் படிக்கட்டில் இறங்காமல் இருந்திருக்கலாமாம்! நாளைக்கு எவனாவது வீட்டுக்குள் புகுந்து திருடியதில் பறிகொடுத்தவளிடம் "நீங்க வீடு கட்டாம இருந்திருக்கலாமே அம்மா" என்று கேட்பாயா? அடிபட்டவர்களுக்குத் துணையாகப் போகிற வேலை ஒன்று இருக்கிறது என்று முதல் கடிதத்தில் எழுதினாயே. அந்த வேலைக்கு மட்டும் போய்விடாதே. அவர்கள் ஏற்கனவே அடிபட்டவர்கள்.

பேர் எழுதவில்லையாம். ஒரே ஒருத்தி செய்த சேட்டையை எல்லாம் ஒரே தாளில் வைத்துவிட்டுப் பேர் எழுதவில்லை என்கிறாய். வாலைப் படம் போட்டுவிட்டுக் குரங்கின் பேரை எழுதவில்லை, அவ்வளவுதானே?

அந்தப் படத்தைப் பார்த்தவர் என்ன நினைப்பார்? பள்ளி முழுக்கத் தப்பு நடக்கிறது, இந்த இடங்களில் கேமரா வை என்றுதானே? அது பள்ளியின் படமே இல்லை. அது நான் உன்னைச் சிரிக்க வைத்த ராத்திரிகளின் படம். விடுதியில் தனியாக இருக்கிறான், சாப்பாடு சரியில்லை, குரல் தொங்கிக் கிடக்கிறது என்றுதானே தேடித் தேடிச் சொன்னேன்? நான் உனக்கு ஊட்டியதை நீ புள்ளி வைத்து விற்றிருக்கிறாய். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி என்னிடம், பாவம் உன்னிடம், பாராட்டும் உன்னிடம்!

அப்பாவிடம் மட்டும்தான் சொன்னாயா? அப்பா பேருந்து நடத்துநர், அண்ணா. அவரிடம் சொன்ன செய்தி முன்படியில் ஏறினால் பின்படியில் இறங்குவதற்குள் ஊர் முழுக்கப் போய்விடும். "பையனுக்குப் படிக்கும்போதே வேலை" என்று டிக்கெட்டோடு சேர்த்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதே பேருந்தின் பின் இருக்கையில் "அவர் பொண்ணுதான் குழாய்த் திருடி" என்று இன்னொரு பேச்சு. நேற்று என் காதால் கேட்டேன். அப்பாவும் கேட்டார். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று நடந்துவிட்டார். அவர் முதுகு அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை.

வகுப்பில் யாருடைய பேனா காணாமல் போனாலும் முதலில் என் பக்கம் திரும்புகிறார்கள். பேனா கிடைத்த பிறகு யாரும் என் பக்கம் திரும்புவதில்லை.

உன் நல்ல வரைபடத்தால் கிடைத்த நல்ல வேலையை நல்லபடியாக வைத்துக்கொள். பதில் எழுதாதே.

தங்கை என்று போடக் கை வரவில்லை

---

அக்டோபர் 3

வாலு,

பதில் எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

உன் கடிதத்தைக் கொடுத்தபோது வாசல் ஐயா சிரிக்கவில்லை. "இதை உட்கார்ந்து படிங்க தம்பி" என்றார்.

அந்தக் கடைசி வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதும்போதே தெரிந்தது. ஆனாலும் தாளை மடித்து உறையில் போட்டுவிட்டேன். கோபத்தில் இருந்தேன் என்று சொல்ல நினைத்தேன். கோபம் இல்லை, பயம். வேலை போய்விடுமோ என்ற பயம்.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கைதிகள் தங்குவதற்கு நான்கு கூடங்கள் இருக்கின்றன. போன வாரம் சமையல்கட்டில் ஒரு பெரிய கரண்டி காணாமல் போனது. உடனே மூன்றாம் கூடத்துக்குப் போய்ச் சோதனை போட்டார்கள். நானும் கூடவே போனேன். கரண்டி இல்லை. ஆனால் ஒருவரிடம் உடைந்த கண்ணாடித் துண்டு இருந்தது, இன்னொருவரிடம் ஊசி. வைத்திருக்கக் கூடாத பொருள்கள். இரண்டு பேருக்கும் தண்டனை எழுதினார்கள். நான் என் அறிக்கையில் "மூன்றாம் கூடத்தில் ஒழுங்கீனம் அதிகம்" என்று எழுதினேன். என்ன நடந்தாலும் சோதனை அங்கேதான், எப்போது போனாலும் ஏதாவது கிடைக்கும். மேலதிகாரி, "நல்லாக் கவனிச்சிருக்கீங்க" என்றார்.

உன் கடிதம் வந்த மறுநாள் அவரிடம் போனேன்.

"மத்த மூணு கூடத்தையும் எப்பவாவது சோதிச்சிருக்கோமா சார்?"

"அங்க எதுக்கு தம்பி? அங்கதான் எதுவும் கிடைச்சதே இல்லையே."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். தேடாத இடத்தில் எப்படிக் கிடைக்கும்? மூன்று வருடம் படித்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? புத்தகத்தில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் நம் பள்ளியில் நான் செய்ததும் இதேதான். உன்னை மட்டும் கேட்டேன். உன்னிடம் மட்டும் கிடைத்தது.

நான் குழுவுக்கு எழுதத் தயார். அந்த வரைபடம் பள்ளியின் படம் அல்ல, ஒரே ஒரு பெண் தன் அண்ணனிடம் சொன்ன கதைகளின் படம், அதை வைத்துக் கேமரா வைத்ததே தவறு, அந்தக் கேமராவை வைத்து அவளைத் திருடி என்பது அதைவிடத் தவறு என்று.

சிக்கல் இதில்தான். வெறுமனே சொன்னால் நம்பமாட்டார்கள். தங்கைக்காகப் பேசுகிறான் என்பார்கள். ஒவ்வொரு புள்ளியும் யார் செய்தது, எனக்கு எப்படித் தெரியும் என்று எழுதினால்தான் நிற்கும். அப்படி எழுதினால், பிடிபடாத உன் சேட்டைகள் எல்லாம் என் கையாலேயே வெளியே வரும். பியானோவும் சேர்த்து. அதற்கு வேறு தண்டனை கிடைக்கலாம்.

போன முறை உன்னைக் கேட்காமல் எழுதினேன். இந்த முறை கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் எழுதமாட்டேன், வேறு வழி பார்ப்போம்.

நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். அவர்கள் இதைத்தான் மற்றப் பள்ளிகளுக்கு விற்கப்போகிறார்கள். வேலை போனால் போகட்டும் என்று வீரமாக எழுத ஆசைதான். போனால் வலிக்கும். அப்பாவின் முகத்தை நினைத்தால் இன்னும் வலிக்கும். ஆனாலும் அனுப்புவேன். அதற்கு உன் அனுமதி தேவையில்லை.

அண்ணன்

---

அக்டோபர் 7

அண்ணா,

எழுது.

பியானோவை எழுது, மிதிவண்டியை எழுது, காலடியை எழுது. நான் செய்ததை நான் செய்தேன் என்று சொல்ல எனக்கு என்ன வெட்கம்? செய்யாததைச் செய்தேன் என்று அவர்கள் சொல்லும்போதுதான் உடம்பு எரிகிறது.

ஒரே ஒரு திருத்தம். நூலகத்தில் "அமைதி காக்கவும்" பலகைக்குப் பின்னால் மணி கட்டியது நான் இல்லை. யார் என்று இன்றுவரை தெரியாது. அவ்வளவு நல்ல யோசனை எனக்கு வரவில்லையே என்ற வயிற்றெரிச்சலில், நான்தான் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேன். நீ அதற்கும் ஒரு புள்ளி வைத்துவிட்டாய். பேராசிரியர் பாராட்டிய ஆய்வில் ஒரு புள்ளி பச்சைப் பொய். அதையும் எழுது.

எழுதும்போது "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்து மூன்று பக்கம் தலைவலிக்குத் தைலம் தடவாதே. நேராக விஷயத்துக்கு வா.

வாலு

---

அக்டோபர் 19

அண்ணாவுக்கு,

நேற்று விசாரணை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நீ பாட்டுக்கு நல்ல முடிவு என்று முடிவுகட்டிவிடாதே. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் தலைவலி, விசில், இசை டீச்சர், பெற்றோர் சார்பில் ஒரு மூக்குக்கண்ணாடி அம்மா. இந்தப் பக்கம் நான், அம்மா, அப்பா. அப்பா உடுப்போடு வந்திருந்தார். பாதி வேலையில் இறங்கி வந்தாராம்.

உன் கடிதத்தைத் தலைவலி தன் வாயாலேயே சத்தமாகப் படித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தாய், மூன்று "மதிப்பிற்குரிய" இருந்தாலும். பியானோ வந்ததும் இசை டீச்சர் எழுந்தேவிட்டார்.

"அடிப்பாவி! சத்தம் கெட்டுப்போச்சே, கரையான் அரிக்குதுன்னு நான் தச்சனைக் கூட்டிட்டு வந்தேனேடி!"

"பந்து இன்னும் உள்ளதான் இருக்கு டீச்சர்."

விசில் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. தலைவலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ இதெல்லாம் நீதான்னு ஒத்துக்கற?"

"நூலகத்து மணியைத் தவிர எல்லாம் நான்தான் சார்."

"இவ்வளவு பண்ணவ குழாயை மட்டும் விட்டு வச்சிருப்பியா?"

அந்த நிமிடம் வரைக்கும் பயந்துகொண்டுதான் இருந்தேன். இதைக் கேட்டதும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சார், படத்தை நல்லாப் பாருங்க. படிக்கட்டுல காலடி வச்சேன். பியானோவுல பந்து வச்சேன். இருக்கையை மேல ஏத்தி வச்சேன். உங்க மேடைக்குக் கீழகூடக் கடிகாரம் வைக்கத்தான் பார்த்தேன். இத்தனை புள்ளியில ஒரு இடத்துலயாவது நான் எதையாவது எடுத்திருக்கேனா? நான் வச்சுட்டுப் போறவ சார். எடுத்துட்டுப் போறவ வேற யாரோ. அவனை நீங்க இன்னும் தேடவே ஆரம்பிக்கலை."

மூக்குக்கண்ணாடி அம்மாதான் கேட்டார், "குழாய் இருந்த பக்கம் ஏங்க கேமரா இல்லை?" தலைவலி படத்தைப் பார்த்தார். "அங்க புள்ளி இல்லையே" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது எப்படி ஒலிக்கிறது என்று உறைத்திருக்க வேண்டும். காது சிவந்துவிட்டது.

எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பேசினார்கள். மறுபடி கூப்பிட்டபோது ஒரு தாள் தயாராக இருந்தது. தலைவலியின் குரல் தேன். "சின்னப் பொண்ணு, எதிர்காலம் இருக்கு. குழாய் விஷயத்துல குழு உன்னை மன்னிக்குது. சான்றிதழ்ல எதுவும் எழுத மாட்டோம். இங்க ஒரு கையெழுத்து போட்டுட்டு வகுப்புக்குப் போ."

அம்மா என் விலாவில் இடித்தாள். "போட்டுடுடி, போதும்" என்றாள்.

பேனாவை எடுத்துவிட்டேன், அண்ணா. தேர்வு, அம்மா, பேருந்தின் பின் இருக்கை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஆனால் "மன்னிக்கப்படுகிறது" என்ற சொல்லைத் தாண்டி என் கை போகவில்லை. எடுக்காத குழாய்க்கு எதற்கு மன்னிப்பு? வாங்கிக்கொண்டால் எடுத்தேன் என்று ஆகாதா? "நான் போட மாட்டேன் சார்" என்றேன். குரல் உடைந்துவிட்டது, அதுதான் அவமானம்.

தலைவலி அப்பாவைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க. உங்க பையன் விஷயத்துல ஏற்கனவே..." என்று இழுத்தார்.

ஆமாம், உன் வேலை போய்விட்டது. நிறுவனத்திலிருந்து முந்தாநாள் அப்பாவுக்குப் போன் வந்தது. உனக்குத் தனியாக எழுதுவார்களாம். அதிலிருந்து அப்பா என்னோடும் பேசவில்லை, அம்மாவோடும் பேசவில்லை. அதனால் கையெழுத்துப் போடு என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அப்பா என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். மூடியைப் போட்டார். மேசையில் வைத்தார்.

"டிக்கெட் எடுக்காதவன்கிட்ட அபராதம் வாங்கியிருக்கேன் சார். சில பேரை, போனாப் போகுதுன்னு விட்டும் இருக்கேன். ஆனா டிக்கெட்டைக் கையில வச்சிருக்கிற புள்ளைகிட்டப் போய், 'பரவாயில்லை, உன்னை மன்னிச்சுட்டேன், உட்காரு'ன்னு நான் எப்பவும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னா பஸ்ஸுல இருக்கிற அத்தனை பேரும் அதைத்தானே திருடின்னு பார்ப்பாங்க? எடுத்தாள்னா எடுத்தாள்னு எழுதுங்க, நாங்க மேல போய்ப் பார்த்துக்கறோம். எடுக்கலைன்னா எடுக்கலைன்னு எழுதுங்க. நடுவுல ஒரு சீட்டு கிடையாது."

இசை டீச்சர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பியானோ கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. அந்தக் கோபத்தோடேயே ஒரு வரியை அடித்தார், மேலே எழுதினார்: "குழாய்களை இந்த மாணவி எடுக்கவில்லை." முதல் கையெழுத்தை அவரே போட்டார். விசில் இரண்டாவது. மூக்குக்கண்ணாடி அம்மா மூன்றாவது. தலைவலி கடைசியாக, பேனாவை முறைத்துக்கொண்டே.

பிறகு என் சேட்டைகளுக்குத் தண்டனை. இரண்டு வாரம் பள்ளிக்கு வரக் கூடாது. பியானோவைப் பிரித்துப் பந்தை எடுக்கும் செலவு எங்கள் வீட்டுக் கணக்கில். அம்மா அதிர்ந்துபோனாள். நான் "ரொம்ப நன்றி சார்" என்றேன். கிண்டல் என்று நினைத்து முறைத்தார். கிண்டல் இல்லை. இது நான் உழைத்துச் சம்பாதித்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, "உடுப்பு இல்லாத வேலைன்னானே ஒண்ணு, வெளியில வச்சுக் கண்காணிக்கிறது, அதுக்கு என்ன பரீட்சை எழுதணும்னு கேட்டு எழுது" என்றார். கேட்டுவிட்டேன். அவருக்குப் பதில் எழுது, எனக்கு வேண்டாம்.

உன் கடிதம் இல்லாவிட்டால் நான் தப்பித்திருக்க மாட்டேன் என்று அம்மா சொல்கிறாள். உன் படம் இல்லாவிட்டால் நான் மாட்டியே இருக்க மாட்டேன் என்று நான் சொல்கிறேன். இரண்டும் சரி. அதனால் உன்னை மன்னிக்கிறேன், அது இது என்று எதையும் இதில் எழுதப்போவதில்லை. அந்தச் சொல்லைக் கொஞ்ச நாளைக்கு யாரும் என் பக்கம் கொண்டுவரக் கூடாது. பயிற்சி முடிந்ததும் நேரே வீட்டுக்கு வா. எதிரில் உட்கார். நான் திட்டி முடிக்கும்வரை எழுந்திருக்காதே. ஒரு வார்த்தை குறைக்கமாட்டேன். அது உன் சொந்தச் சம்பாத்தியம்.

உன் தங்கை